மழைக்காலச் சளியா? முதலில் மூச்சை எண்ணுங்கள்!

2025 ஜனவரி முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? பொங்கலுக்குத் துணி எடுக்கக் கிளம்ப வேண்டிய நேரத்தில் டி.வி.யில் 'ஹெச்.எம்.பி.வி.' என்று ஒரு பெயர் ஓட ஆரம்பித்தது. சென்னையில் ஒருவருக்கு, சேலத்தில் ஒருவருக்கு என்று தமிழகத்தில் இரண்டு பேருக்கு அந்த வைரஸ் இருப்பதாகச் செய்தி வந்ததும், புதுக்கோட்டையில் பீரோவுக்குள் கிடந்த பழைய மாஸ்க்கெல்லாம் வெளியே வந்துவிட்டது. "டாக்டரய்யா, மறுபடியும் கொரோனா மாதிரியா? புள்ளைய எல்.கே.ஜி.க்கு அனுப்பலாமா, வேண்டாமா?" என்று கேட்காத தாய்மார்கள் இல்லை.

பயப்படும்படி அது புதிய வைரஸ் அல்ல. 2001-ல் நெதர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான். 1958-ல் எடுத்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்த ரத்த மாதிரிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தபோது, அவற்றிலும் அந்த வைரஸுக்கான எதிர்ப்புப் பொருள் இருந்தது! அதாவது இன்று தாத்தா பாட்டியாக இருப்பவர்கள் சின்ன வயதில் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்தபோதே அது ஊருக்குள் இருந்திருக்கிறது. பெயர் மட்டும்தான் தெரியாது.

அந்தப் பரபரப்பில் ஒரு நல்லது நடந்தது. குழந்தைகளுக்கு வரும் சளி, இருமல், இளைப்புக்குப் பின்னால் பெரும்பாலும் வைரஸ்தான் இருக்கிறது என்ற விஷயம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்கு அடுத்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் போய்ச் சேரவில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

யார் யார் இவர்கள்?

சாதாரண ஜலதோஷத்துக்கு முக்கியமான ஆள் ரைனோ வைரஸ். இதில் மட்டும் 160-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்று வந்து போனால் அதற்கு மட்டும்தான் உடம்பில் எதிர்ப்பு உண்டாகும். மற்றவை வரிசையில் நிற்கும். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த முதல் வருஷம் "இவனுக்குப் பொழுதன்னைக்கும் சளி, உடம்புல சத்தே இல்லை" என்று புலம்புகிறோமே... வருஷத்துக்கு ஆறேழு தடவை சளி பிடிப்பது அந்த வயதில் சகஜம். பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு, எடை ஏறி, ஓடியாடி விளையாடினால் அது சத்துக் குறைவு அல்ல.

அடினோ வைரஸ் கண்ணையும் சிவக்க வைக்கும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையில் 1953-ல் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். பாரா இன்ஃப்ளூயன்சா என்று ஒன்று; ராத்திரி படுக்கும்போது நன்றாக இருந்த குழந்தை நடுச்சாமத்தில் நாய் குரைக்கிற மாதிரி இருமி எழுந்தால் பெரும்பாலும் இதன் வேலைதான். குரல்வளை வீங்கிக்கொள்வதால் வரும் சத்தம் அது. ஃப்ளூ என்கிற இன்ஃப்ளூயன்சா நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு, ஐப்பசி கார்த்திகையில் கூடுதலாகத் தலைகாட்டும். நான் சொன்ன ஹெச்.எம்.பி.வி.யும் இந்தக் கூட்டத்தில் ஒன்று.

இவர்களில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நாம் பயப்பட வேண்டியது ஆர்.எஸ்.வி. என்ற வைரஸுக்குத்தான். 1956-ல் அமெரிக்காவில் ஜலதோஷம் பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் முதலில் கண்டார்கள். அடுத்த ஆண்டே மனிதக் குழந்தைகளிடமும் அது இருப்பது தெரிந்தது. இரண்டு வயது முடிவதற்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடும். பெரியவர்களுக்கு வந்தால் வெறும் மூக்கடைப்பு. 3 மாதக் குழந்தைக்கு வந்தால் மூச்சுத் திணறல்!

வங்கதேசம், தாய்லாந்து, கென்யா, தென்னாப்பிரிக்கா உள்பட ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஏழில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்து 2019-ல் முடிவு வெளியானது. கடுமையான நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 61 சதவீதம் பேருக்கு வைரஸே காரணம், ஆர்.எஸ்.வி. மட்டுமே 31 சதவீதம். பாக்டீரியாவின் பங்கு 27 சதவீதம். அந்த ஏழில் இந்தியா இல்லை. ஆனாலும் அக்கம்பக்கத்து நாடுகளின் நிலவரம் நமக்கும் ஒரு வழிகாட்டிதானே!

குழந்தைக்கு மட்டும் ஏன் திணறல்?

நுரையீரலுக்குள் மூச்சுக்குழாய் மரக்கிளை மாதிரி பிரிந்து பிரிந்து போகிறது. கடைசிக் கிளைகள் குழந்தைக்கு மிக மிகச் சன்னம். ஆர்.எஸ்.வி. போய் உட்காருவது அங்கேதான். குழாயின் உள்தோல் வீங்கும், உதிரும், சளி அடைக்கும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு குழாயின் சுற்றளவு பாதியாகச் சுருங்கினால் காற்று போவதற்கு இரண்டு மடங்கு சிரமம் என்று நினைப்போம். இல்லை, பதினாறு மடங்கு! பெரியவர்களின் குழாயில் ஒரு மெல்லிய படலம் வீங்கினால் தெரியவே தெரியாது. அதே அளவு வீக்கம் கைக்குழந்தைக்கு வழியையே அடைத்துவிடும். காற்று உள்ளே போகும், வெளியே வரத் திணறும். அதுதான் அந்த 'கொய்ங்' என்ற இளைப்புச் சத்தம்.

முதல் இரண்டு நாள் வெறும் மூக்கொழுகல்தான் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சம். "நேத்து பார்த்த டாக்டர் சாதாரணச் சளினு சொன்னாரே, இன்னைக்கு இப்படி ஆயிருச்சே" என்று டாக்டரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. நோயின் நடையே அப்படி.

நம் பாலவாகடம் போன்ற சித்த நூல்கள் குழந்தை நோய்களை மாந்தம், கணம் என்றெல்லாம் பிரித்துச் சொல்கின்றன. நாள்தோறும் குழந்தையைக் கூர்ந்து பார்த்து எழுதியவர்கள் அவர்கள். வைரஸைச் சாதாரண மைக்ரோஸ்கோப்பில்கூடப் பார்க்க முடியாது, எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். அதனால் கண்ணுக்குத் தெரிந்த குறிகளை வைத்துப் பெயரிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்கு நாம் 'மாந்தம்' என்று பெயர் வைத்துவிட்டு, குறியைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறோமே, அங்கேதான் ஆபத்து.

ஆலங்குடிப் பக்கமிருந்து ஒரு நாலு மாதக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். மூன்று நாளாகச் சளி. "மாந்தந்தான் ஐயா, உரை மருந்து ஊத்தியிருக்கோம். தொக்கமும் எடுத்துப் பார்த்தாச்சு" என்றார் அப்பத்தா. பக்கத்தில் நின்ற தாய்க்குப் பேசவே வாய்ப்பில்லை. நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "தாயி, பால் குடிக்கிறானா?" என்றேன். "வாயை வைக்கிறான் ஐயா, ரெண்டு இழுப்பு இழுத்துட்டு விட்டுடறான்" என்றது. சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் எண்ணினேன். 68! விலாவுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் பள்ளம் விழுந்தது. "என்கிட்ட மருந்து வாங்குற நேரம் இல்லை ஆத்தா இது. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று 108-க்குப் போன் போடச் சொன்னேன். நான்கு நாள் ஆக்சிஜன், மூக்குக் குழாய் வழியாகப் பால். பிழைத்துக்கொண்டான். அவனைக் காப்பாற்றியது கஷாயமும் இல்லை, ஊசியும் இல்லை. நேரத்துக்குக் கிடைத்த ஆக்சிஜன்.

எப்படி எண்ணுவது?

டாக்டர் கையிலிருக்கும் ஸ்டெதஸ்கோப்பை விட இந்த விஷயத்தில் உங்கள் கண் உசத்தி. செலவு ஒரு பைசா இல்லை.

குழந்தை தூங்கும்போதோ, அமைதியாக மடியில் இருக்கும்போதோ எண்ண வேண்டும். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணினால் கணக்கு தப்பும். காய்ச்சல் கொதித்தாலும் மூச்சு கொஞ்சம் கூடும். காய்ச்சல் தணிந்ததும் மறுபடி ஒருமுறை எண்ணுங்கள். சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிடுங்கள். வயிறும் நெஞ்சும் ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. செல்போனில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு, முழு 60 விநாடியும் எண்ணுங்கள். 'கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கிக்கலாமே' என்று புத்திசாலித்தனம் பண்ண வேண்டாம். பச்சைக் குழந்தைகள் சீராக மூச்சு விடுவதில்லை. வேகமாக விடும், சற்று நிறுத்தும், மறுபடி விடும்.

உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் அளவு இது: 2 மாதம் முடியாத குழந்தைக்கு நிமிஷத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேக மூச்சு. இந்த வயதில் கூடுதலாக வந்தால் இன்னொரு முறை எண்ணி உறுதிப்படுத்த வேண்டும். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50. ஒரு வயது முதல் 5 வயதுக்குள் 40. இந்தக் கணக்கைத் தொட்டாலே அன்றைக்கே டாக்டரிடம் காட்டியாக வேண்டும். சமையலறை காலண்டரில் இந்த மூன்று எண்ணையும் எழுதி வையுங்கள்.

எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் வேறு சில குறிகள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே பள்ளம் விழுவது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது. மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குவது. அமைதியாக இருக்கும்போதே தொண்டையில் 'கர்' என்ற இழுப்புச் சத்தம். உதடோ நாக்கோ நீலம் பூப்பது. வலிப்பு. எதைக் கொடுத்தாலும் கக்குவது. எழுப்பினால் எழாமல் துவண்டு கிடப்பது. பால் குடிக்க முடியாமல் போவது. இதில் ஒன்று இருந்தாலும் வைத்தியர் வீட்டுக்கும் வேண்டாம், மருந்துக் கடைக்கும் வேண்டாம்; நேராக ஆஸ்பத்திரி. நம் மாவட்டத்தில் என்றால் முள்ளூரில் 2017-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் முதலில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலோ, உடம்பு சில்லிட்டுப் போனாலோ எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இதயக் கோளாறோடு பிறந்த குழந்தை இவர்களுக்கும் இந்த அவசரம் உண்டு.

பழைய பாட்டில் வேண்டாம்!

"போன மாசம் பெரியவனுக்கு எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் சிரப் மிச்சம் இருக்கு, அதையே சின்னவளுக்கும் ரெண்டு மில்லி ஊத்தினேன்." இதைக் கேட்காத வாரமே இல்லை. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸின் மேல் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. மூன்றாம் நாள் சளி பச்சையாக, மஞ்சளாக மாறினாலே "செப்டிக் ஆயிடுச்சு" என்று ஓட வேண்டியதில்லை. வைரஸ் சளியும் நிறம் மாறும். தேவையில்லாமல் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம்.

அதற்காக ஆன்டிபயாடிக்கே விஷம் என்று பேசும் ஆள் இல்லை நான். பாக்டீரியா நிமோனியாவுக்கு அதுதான் உயிர் காக்கும் மருந்து. எது எதுவென்று குழந்தையை நேரில் பார்த்த டாக்டர் முடிவு செய்யட்டும். அவர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் வரை முழுசாகக் கொடுங்கள்.

இருமல் சிரப் விஷயம் இதைவிட மோசம். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காரணமான சிரப் தயாரானது எங்கே தெரியுமா? நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்! அதில் டை எத்திலீன் கிளைகால் என்ற விஷத் திரவம் 48 சதவீதத்துக்கு மேல் இருந்ததாகச் சோதனையில் தெரிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்ககம், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்து எழுதவே கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. விஷம் கலக்காத நல்ல சிரப்பாக இருந்தாலும் கைக்குழந்தையின் வைரஸ் சளியை அது ஒருநாள்கூட முன்கூட்டி விரட்டாது.

பாட்டி வைத்தியம்... எது சரி, எது வேண்டாம்?

சித்த மருத்துவன் ஆயிற்றே, இதைச் சொல்லாமல் விட முடியுமா? கொஞ்சம் கோபப்பட்டாலும் பரவாயில்லை, பாட்டிமார்கள் கேளுங்கள்.

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். உரைகல்லில் இழைக்கும் மாசிக்காய், கடுக்காய், ஜாதிக்காய், வசம்பு எதுவும் வேண்டாம். என் மருந்தும் வேண்டாம். சேனை என்று பிறந்த பிள்ளை நாக்கில் தேன் தடவுவதும் கூடாது. ஒரு வயது முடியும்வரை தேனே ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கலாம்.

குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடுவது, வாய் வைத்து ஊதுவது, சளியை உறிஞ்சுவது இவற்றைக் கட்டாயம் நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே தனியாக ஒரு நிமோனியா. ஊதுகிற பெரியவருக்கு லேசான ஜலதோஷம் இருந்தால் வைரஸை நேராக விருந்து வைத்த மாதிரி! சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டுவதும் அப்படித்தான். வீங்கிய குழாய்க்குப் புகை எதிரி. விறகடுப்பு, கொசுவர்த்திச் சுருள், பீடி சிகரெட் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி வறுக்கும் தாய்மார்கள் குழந்தையைப் பக்கத்தில் தூளி கட்டிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறேன். பிழைப்பு அப்படி. இரண்டு வீடு தள்ளியாவது யாரிடமாவது விட்டு வையுங்கள் தாயி.

கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவது 2 வயதுக்குள் வேண்டாம். வலிப்பு வரை கொண்டுபோகும். நொச்சி போட்டு ஆவி பிடிப்பது பெரியவர்களோடு நிற்கட்டும். கொதிக்கும் பாத்திரம் சரிந்து வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வயதுக்கு மேல் கொஞ்சம் வழி திறக்கிறது. படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் இரவு இருமலைத் தணிக்கும். இது நவீன ஆராய்ச்சியிலும் நின்ற உண்மை. அதில் நாலு சொட்டு துளசிச் சாறோ, வாட்டிப் பிழிந்த கற்பூரவல்லிச் சாறோ சேர்க்கலாம். 3 வயதுப் பிள்ளைக்குக் காரம் குறைத்த தூதுவளை ரசச் சாதம் நல்லது. ஆடாதோடையைப் பற்றி நமக்குப் பெருமைப்பட விஷயம் உண்டு. அதிலுள்ள வாசிசின் என்ற சத்தை ஆதாரமாக வைத்துத்தான் அலோபதியின் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே உருவானது. ஆனால் கசப்புக் கஷாயம் காய்ச்சி நீங்களாகவே குழந்தைக்கு ஊற்ற வேண்டாம். 15 சரக்குகள் சேர்ந்த கபசுரக் குடிநீரை 2020-ல் தமிழ்நாடே குடித்தது. அது பெரியவர்களுக்கான அளவு. குழந்தைக்கு எந்தச் சித்த மருந்தானாலும் வயதையும் எடையையும் பார்த்து, படித்த சித்த மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டும். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: இவையெல்லாம் தொண்டைக்கு இதம் தருபவை. அடைபட்ட குழாயைத் திறந்து குழந்தைக்கு மூச்சு கொடுப்பவை அல்ல.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூக்கடைத்தால் குழந்தையால் பால் இழுக்க முடியாது. மருந்துக் கடையில் வெறும் சலைன் மூக்குச் சொட்டு கிடைக்கும். பால் கொடுப்பதற்குச் சற்று முன்னால் விட்டு மெல்லத் துடைத்துவிடுங்கள். ஒரே மூச்சில் வயிறு நிறையக் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். காய்ச்சலுக்கு டாக்டர் எடைக்குச் சொன்ன அளவில் பாராசிட்டமால். ஒன்றுக்குப் போவது வழக்கத்தில் பாதியாகக் குறைந்தால் அது நீர் வற்றுகிற அறிகுறி, டாக்டரிடம் போங்கள். மழைக்காலம் என்று ஸ்வெட்டர், குல்லா, கம்பளி என்று மூட்டை கட்டினால் நெஞ்சுப் பள்ளம் எப்படித் தெரியும்?

ஆர்.எஸ்.வி. பெரும்பாலும் கையால்தான் பரவுகிறது. மேஜை, பொம்மை மேல் சில மணி நேரம் உயிரோடு இருக்கும். சோப்புப் போட்டால் அதன் கொழுப்பு உறை கரைந்துவிடும். பள்ளி விட்டு வரும் அக்காவும் அண்ணனும் கை கழுவிவிட்டுத்தான் பாப்பாவைத் தொட வேண்டும். பேர் வைக்கிற விசேஷத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு வாங்கிக் கொஞ்சும்போது, "சித்தப்பாவுக்குச் சளி, எட்ட இருந்து பார்த்துக்கங்க" என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். கோபித்துக்கொண்டால் காதுகுத்துக்குள் சரியாகிவிடும்!

தடுப்பூசி? ஆர்.எஸ்.வி.க்கு 1960-களில் அமெரிக்காவில் ஒரு தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்ட குழந்தைகளுக்கே நோய் கடுமையாகி, இரண்டு குழந்தைகள் இறந்ததால் பல பத்தாண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. 2023-ல்தான் கர்ப்பிணித் தாய்க்குப் போடும் தடுப்பூசி மேல்நாடுகளில் அனுமதி பெற்றது. குழந்தைக்கு நேரடியாகப் போடும் எதிர்ப்புப் பொருள் ஊசியும் அங்கே உண்டு. நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அவை இல்லை. ஆனால் வைரஸ் வழி திறந்துவிட்டதும் பின்னாலேயே நுழையும் பாக்டீரியாக்களுக்கு நம்மிடம் இலவச ஊசி இருக்கிறது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய பென்டாவேலன்ட், 2021-ல் சேர்ந்த நிமோகாக்கல் ஊசி, பிறகு தட்டம்மை ஊசி இவற்றில் ஒரு தவணையும் தவறக் கூடாது. தேதி மறந்திருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அட்டையைக் காட்டுங்கள். விட்டுப்போன தவணையை எப்போது போடலாம் என்று சொல்வார். லேசான சளி இருந்தாலும் ஊசி போடலாம்.

இருமல் மட்டும் சட்டென்று போகாது. காய்ச்சல் விட்டு, பிள்ளை விளையாட ஆரம்பித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் இருமிக்கொண்டே இருக்கும். மூச்சு எண்ணிக்கை சரியாக இருந்து, பாலும் சாப்பாடும் இறங்கினால் விட்டுவிடுங்கள். நான்கு வாரத்தைத் தாண்டினாலோ, எடை குறைந்தாலோ, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலோ குழந்தையைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.